திராட்சைக்கொடிக்கு அடியில் இல்லாத ஆமை

கிஜ்துவான்,
டிசம்பர் 9

ஜெபோவின் அப்பாவுக்கு,

சலாம். இங்கே நானும் ஜெபோவும் நலம். அங்கே நீங்கள் நலமாக இருப்பது எனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டதால் விசாரிக்கவில்லை.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் நீங்கள் கூப்பிடும்போது ஜெபோ என் கன்னத்தோடு கன்னம் வைத்து ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். ஏழு வயதுக் குழந்தைக்கு எது கேட்கலாம், எது கேட்கக் கூடாது என்று பார்த்துப் பேச என் நாக்குக்கு இனிமேல் பொறுமை இல்லை. அதனால் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. போன மாதம் பத்தாம் தேதி திராட்சைக்கொடியைப் பந்தலிலிருந்து இறக்கி, குளிரில் கருகாமல் மண்ணுக்குள் புதைத்தாயிற்று. வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்பதால் பக்கத்து வீட்டு நர்சி அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். ஜெபோ அவர் முன்னால் போய்க் கையை விரித்து நின்றுவிட்டாள். "மாமா, பாத்து வெட்டுங்க. மிர்ஸா அடியில தூங்குறான்" என்றாள். பாவம் அந்த மனிதர், கொடிக்குப் பக்கத்தில் மண்வெட்டியே போடவில்லை. தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து மண்ணை வாரி வாரிக் கொண்டுவந்து கொட்டினார். "உன் ஆமைக்குக் குடுக்குற மரியாதைய என் மாமனாருக்கே நான் குடுத்ததில்ல புள்ள" என்றார். ஜெபோ விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தேநீர்க் கோப்பையோடு நின்று, ஒன்றுமே இல்லாத இடத்துக்கு அவர்கள் இருவரும் மண் போட்டு மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் இரண்டு வாரம் வந்து முலாம்பழம் சாப்பிட்டுவிட்டுப் போனவர், போகும்போது பையில் மிர்ஸாவைப் போட்டுக்கொண்டு போனீர்கள். பத்து நாள் கழித்துப் போனில், "மேஸ்திரியோட பையன் ஆசப்பட்டான், குடுத்துட்டேன். ஜெபோகிட்ட எதாவது சொல்லி வை. பாலைவனத்துல அதுக்கா பஞ்சம்?" என்றீர்கள். நானும் சொல்லி வைத்தேன். வெயிலுக்குப் பயந்து மண்ணுக்குள் போனவன் அப்படியே குளிருக்கும் படுத்துவிட்டான், வசந்தத்தில் நவ்ரோஸ் பண்டிகைக்குக் கொடியை எடுக்கும்போது வந்துவிடுவான் என்று சொல்லி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிற நான் பெற்ற பிள்ளைக்குச் சொன்ன பாடம் அது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நர்சி அண்ணனின் மைத்துனன் சுபோன் வியாழக்கிழமை உங்கள் செல்யாபின்ஸ்கிலிருந்து வந்தான். ஒரு கடிதத்தை என் கையில் திணித்துவிட்டுத் தேநீர்கூட வேண்டாமென்று ஓடினான். அவன் ஏன் ஓடினான் என்று முதல் வரியைப் படித்ததும் புரிந்தது. "அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் தம்பி எர்காஷின் மனைவி அல்ஃபியா எழுதுவது."

தம்பி! உங்களைவிட நான் மூன்று வயது இளையவள். பொய் சொல்வதென்று ஆன பிறகு தங்கை என்றாவது சொல்லியிருக்கலாம், மனது கொஞ்சம் ஆறியிருக்கும்.

மே மாதம் நிக்காஹ் நடந்ததாம். வர முடியாமல் போன அக்கா கல்யாணப் பரிசாக ஆமையைக் கொடுத்தனுப்பினாளாம். ஆமைபோல் நீண்ட நாள் வாழட்டும் என்று நான் வாழ்த்தினேனாம். அதற்கு நன்றி எழுதியிருக்கிறாள். இப்போது அவளுக்கு ஐந்து மாதமாம், துவா கேட்கச் சொல்லியிருக்கிறாள். நான் அந்தக் காகிதத்தை மடித்து மாவு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு ரொட்டி தட்டினேன். அன்றைக்கு ரொட்டி முழுவதும் தீய்ந்து போயிற்று. "என்னம்மா, இப்படிக் கருக்கிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஜெபோ கரியைச் சுரண்டிச் சுரண்டித் தின்றாள்.

ஆமை அங்கே எதுவும் தின்பதில்லையாம். அவளுடைய அம்மா ரேடியேட்டருக்குக் கீழே தள்ளிவிடச் சொல்கிறாளாம். நீங்கள், ஊருக்கு வெளியே இருக்கும் அவர்களுடைய தோட்டத்தில் குழி தோண்டிப் புதைக்கச் சொல்கிறீர்களாம், "எங்க ஊருல எல்லாம் மண்ணுக்குள்ளதான்" என்று. மூன்று குளிர்காலமாக, "இங்க பூமி ஆள் உயரத்துக்கு ஒறஞ்சு கெடக்கு, கடப்பாரையப் போட்டா தீப்பொறிதான் பறக்குது" என்று போனில் புலம்பியது யார்? அஸ்திவாரம் தோண்டிப் பிழைக்கிறவருக்கு அது ஆமைக்கும் அதே பூமிதான் என்று தெரியாதா? அல்லது அது செத்தால் ஒரு தொல்லை விட்டது என்றா?

மிர்ஸா வந்த முதல் வருஷம் நான் அவனை நிலவறையில் வைக்கலாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. "பொறந்த மண்ணுல கெடந்தாத்தான் அது உசுரோட இருக்கும். வீட்டுக்குள்ள பொத்திப் பொத்தி வெச்சா சீக்காளியாயிடும். நீ புஸ்தகம் படிச்சவ, நான் பாலைவனத்துல வளந்தவன்" என்றீர்கள். பிறந்த மண்ணைப் பற்றி அன்றைக்கு எவ்வளவு பேச்சு!

நீங்கள் வருவீர்களா என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. மிர்ஸா நவ்ரோஸுக்கு முன் இங்கே வந்தாக வேண்டும். கொடியைத் தோண்டும்போது அவன் இல்லை என்றால் ஜெபோ முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? உங்களைப் பற்றிச் சொல்லிவைத்திருப்பதையும் அதற்குப் பிறகு அவள் நம்ப மாட்டாள்.

அல்ஃபியாவுக்கு நான் பதில் எழுதப் போகிறேன். என்ன எழுதுவேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. அவள் அதைப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு ஆண்டவன் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும்.

ரிசாலத்


கிஜ்துவான்,
டிசம்பர் 11

அன்புள்ள அல்ஃபியாவுக்கு,

வ அலைக்கும் சலாம். உன் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நான்காவது. என் ருஷ்ய மொழி பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது. அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இதில் ஆமையைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன்.

தோட்டத்தில் புதைக்காதே. அவர் சொன்னாலும் புதைக்காதே. எங்கள் ஊர் மண் ஒரு சாண் உறையும், அதற்குக் கீழே ஆமை தப்பிவிடும். உங்கள் ஊரில் புதைத்தால் வசந்தத்தில் வெறும் ஆமையோட்டைத்தான் எடுப்பாய்.

ரேடியேட்டருக்குக் கீழேயும் வைக்காதே. உங்கள் அடுக்குமாடியில் எல்லார் வீட்டு ஆமையும் அங்கேதான் தூங்கும் என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். அதில் எத்தனை ஆமை வசந்தத்தில் எழுந்தது என்று அம்மாவைக் கேட்டுப் பார். குளிர்ந்தால் ஆமை தூங்கும். வெயிலும் வெளிச்சமும் இருந்தால் விழித்திருந்து தின்னும். ரேடியேட்டருக்கு அடியில் இரண்டும்கெட்டானாகக் கிடக்கும். உடம்பு சூடாக இருப்பதால் தூங்கவும் முடியாது, இருட்டாக இருப்பதால் எழுந்திருக்கவும் தோன்றாது. தன் கொழுப்பையே தின்று தின்று ஒருநாள் காலியாகிவிடும். பார்க்கிறவர்களுக்கு அது நிம்மதியாகத் தூங்குகிற மாதிரித்தான் இருக்கும்.

கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாக அதைத் தராசில் வை. சென்ற வருஷம் தூங்கப் போகும்முன் தொள்ளாயிரத்து முப்பது கிராம் இருந்தது. எண்ணூற்றைம்பதுக்கு மேல் இருந்தால் தூங்க வைக்கலாம். குறைவாக இருந்தால் இந்த வருஷம் தூக்கமே வேண்டாம். மேசை விளக்கைப் பக்கத்தில் எரியவிட்டு, கீரையும் முட்டைக்கோசும் கொடுத்து விழித்திருக்க வை.

தூங்க வைப்பதானால் இரண்டு வாரம் தீனி போடாதே. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்து மூழ்காத ஆழத்துக்குக் கால் மணி நேரம் விடு. வயிறு சுத்தமாக வேண்டும். வயிற்றில் தீனியோடு தூங்கினால் உள்ளேயே அழுகிவிடும். அப்புறம் சில நாள் குளிர்ந்த வாசல் நடையில் வை. உன் அம்மாவின் நிலவறையில் உருளைக்கிழங்கு இருப்பதாக எழுதியிருந்தாய். கிழங்கு உறையாமலும் முளைவிடாமலும் இருக்கிற மூலை எதுவோ அதுதான் இதற்கும் இடம். மரப்பெட்டியில் ஈர மண்ணும் காய்ந்த இலையும் போட்டு, காற்றுக்குத் துளை விட்டு வைத்துவிடு. வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வை. ஒரே வாரத்தில் ஐம்பது கிராம் குறைந்தால் உடனே மேலே கொண்டுவந்துவிடு. ஏணியில் நீ இறங்க வேண்டாம், வேறு யாரையாவது இறங்கச் சொல். ஐந்து மாதம் என்று எழுதியிருந்தாய்.

ஓட்டின் பின்பக்கம் சிவப்பாக ஒரு புள்ளி இருப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது நோய் இல்லை, நகப்பூச்சு. இங்கே ஒரு பெண் குழந்தை வைத்தது.

அவருக்குச் சின்ன வயதில் என்ன பிடிக்கும் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்விட்டு வந்தால் அன்று முழுக்க யாரோடும் பேசுவதில்லை என்றும், நீ ஏதாவது தவறு செய்துவிட்டாயோ என்றும் எழுதியிருந்தாய். நீ ஒரு தவறும் செய்யவில்லை. அது அவருக்குப் பழைய பழக்கம்.

இனி நான் உன்னிடம் கேட்பது. பரிசாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அந்த ஆமையை நவ்ரோஸுக்கு முன்னால் சுபோனிடம் கொடுத்தனுப்பு. அதே பெட்டியில் வைத்து, ரயிலில் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பு. கொடியைத் தோண்டும் நாளில் அது மண்ணுக்குள்ளிருந்து வரும் என்று ஒரு குழந்தை நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. அது உன் கையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

இன்னும் எழுத இருக்கிறது. எழுதினால் நீ கோபத்தில் ஆமையைத் தூக்கி எறிந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கனமானதைத் தூக்காதே.

நீ அக்கா என்று எழுதிய
ரிசாலத்


கிஜ்துவான்,
ஏப்ரல் 2

அல்ஃபியாவுக்கு,

சலாம். ஆமை வந்து சேர்ந்தது. உயிரோடு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டு நாள் தாமதம். உன் மேல் குற்றம் இல்லை. சுபோனை எல்லையில் இறக்கி உட்காரவைத்துவிட்டார்கள். நவ்ரோஸ் வரைக்குமாவது கொடி எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள் என்று நர்சி அண்ணனிடம் கெஞ்சினேன். "வெயில் ஏறிடுச்சு தங்கச்சி. இன்னும் மூடி வெச்சா மொட்டெல்லாம் மண்ணுக்குள்ளயே வெந்து போயிடும். அப்புறம் இந்த வருஷம் இலையத்தான் பறிக்கணும்" என்றார். பதினெட்டாம் தேதி கொடியை எடுத்தோம். ஜெபோ அவரை மண்வெட்டியைத் தொடவே விடவில்லை. தானே கையால் தோண்டினாள். கொடி முழுவதும் வெளியே வந்த பிறகும் தோண்டினாள். "இன்னும் கீழ இருப்பான், இன்னும் கீழ இருப்பான்" என்று முழங்கை ஆழத்துக்குப் போனாள். நர்சி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேலியைப் பார்த்தேன். நகத்துக்கு அடியில் ரத்தம் கசிந்த பிறகுதான் நிறுத்தினாள். செத்துப்போனால் ஓடாவது இருக்கணுமே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் கற்றுக்கொடுத்த பாடம்தான்.

எட்டு நாள் கழித்து உன் பெட்டி வந்தது. உன் கடிதமும் எடை எழுதிய காகிதமும் இருந்தன. சனிக்கிழமை தவறாமல் பதினொரு தடவை. ஆரம்பத்தில் எண்ணூற்று அறுபத்தெட்டு, கடைசியில் எழுநூற்றுத் தொண்ணூற்றேழு. எல்லாம் ஒரே கையெழுத்து. யாரையாவது இறங்கச் சொல் என்று எழுதியிருந்தேன். அந்த வயிற்றோடு நீதான் ஏணியில் இறங்கியிருக்கிறாய்.

காகிதத்துக்குக் கீழே ஜெபோவின் புகைப்படம் இருந்தது. முதல் வகுப்பில் எடுத்தது. அவருடைய கோட்டைத் துவைக்க எடுத்தபோது உள்பையில் கிடைத்தது என்றும், பின்னால் "அப்பாவுக்கு, ஜெபோ" என்று எழுதியிருந்தது என்றும் சொல்லியிருக்கிறாய். பிப்ரவரி மூன்றாம் வாரம் என்கிறாய். அதற்குப் பிறகும் நான்கு சனிக்கிழமைகளின் எடை அந்தக் காகிதத்தில் இருக்கிறது. அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் உன்னைப் பற்றிப் பயந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

உன் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பொய் எழுதி எனக்குச் சலித்துவிட்டது. கோபம் இருக்கிறது. உனக்குத் தெரியாது என்று புத்திக்குத் தெரிகிறது. வயிறு எரிகிறபோது புத்தி எங்கே பேசுகிறது? நீ ஏமாந்தவள். நான் ஏமாந்தது மட்டுமல்லாமல் ஏமாற்றியும் இருக்கிறேன். அக்கா என்று கூப்பிட்டதற்கு மன்னிக்கச் சொல்லியிருக்கிறாய். எங்கள் ஊரில் இளைய சக்களத்தி மூத்தவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நீ தவறாக எதுவும் எழுதிவிடவில்லை.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். "அவரையும் அனுப்பட்டுமா, சொல்லுங்கள்." இதற்கு நான் என்ன சொல்வேன் என்று நினைத்தாய்? துளை போட்ட பெட்டியில் வைத்து அனுப்பவா? ஊருக்கு வருகிற ரயில் அவருக்குத் தெரியும். பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு வாசலும் தெரியும். வந்தால் கதவைத் திறப்பேனா என்று எனக்குத் தெரியாது. உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்ல நான் ஒன்றும் அவ்வளவு பெரிய மனுஷி இல்லை, துரத்திவிடு என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடிக்கிறது, அடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். நீயே முடிவு செய்துகொள்.

ஜெபோ மிர்ஸாவைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பெட்டியைச் சுற்றி வந்தாள். சிவப்புப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இவன் மண்ணுலேருந்து வரலம்மா. பெட்டியில வந்தான்" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "அப்பா வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்றீங்களே, அதுவும் இப்படித்தானா?" என்றாள்.

வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு நான் இதுவரை திணறியதில்லை. அன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வயதுக்குத் தக்கபடி சொன்னேன், ஆனால் எதையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவும் இல்லை. பள்ளிக்குப் போகும்போது என் கையைப் பிடிக்காமல் இரண்டடி முன்னால் நடந்தாள். உங்கள் இருவர் மேலும் வராத அளவுக்குக் கோபம் எனக்கு என் மேலேயே வந்தது அந்த மூன்று நாளில்தான்.

மிர்ஸாவுக்கு ஒரு கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. ஆறிய தேநீரால் துடைத்துவிட்டேன். நான்காம் நாள் வெயிலில் விட்டதும் வாய்க்கால் ஓரத்து மஞ்சள் பூ இரண்டைத் தின்றான். ஜெபோ ஓடி வந்து, "அம்மா, தின்னுட்டான்!" என்றாள். அதுதான் அவள் என்னோடு மறுபடி பேசிய முதல் பேச்சு.

அடுத்த குளிருக்கு அவன் வெளியிலா உள்ளேயா என்று அதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. மண்ணுக்குள் வேண்டாம், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் தூங்க வேண்டும் என்கிறாள். நிலவறையில் இடம் ஒழித்துக்கொண்டிருக்கிறேன். உன் எடைக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

உனக்கு இது நிறைமாதம். வாதுமைப் பருப்பும் காய்ந்த சர்க்கரைப் பாதாமிப் பழமும் அனுப்புகிறேன். கூடவே இருக்கும் காய்ந்த செடி, பிள்ளை பிறந்ததும் கண்ணேறு படாமல் புகை போட. ஜெபோவுக்குப் போட்டது போக மீதி. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து எழுந்திரு. பிள்ளை வளர்ந்து அப்பா எங்கே என்று கேட்கும் நாள் வந்தால், எது உண்மையோ அதைச் சொல்லிவிடு. எவ்வளவு சின்ன வயதானாலும் சொல்லிவிடு. இதை மட்டும் மூத்தவள் சொன்னதாகக் கேட்டுக்கொள்.

தம்பியா தங்கையா என்று தெரிந்ததும் எழுது. ஜெபோ கேட்கச் சொன்னாள்.

ரிசாலத்